ஒற்றைக் காதுச் சட்டி

அனுப்பிய பிறகுதான் பார்த்தான். வில்பிரட்டின் புத்தி எப்போதும் அப்படித்தான்; தலையில் ஊற்றிக்கொண்ட பிறகுதான் வெந்நீரா பச்சைத் தண்ணீரா என்று யோசிப்பான் என்பாள் அவன் மனைவி ஷைனி. மஸ்கட்டில் ஏதோ ஒரு ஆஸ்பத்திரி வார்டில் நின்றுகொண்டிருந்தாலும் அவள் சொன்னது இங்கே தக்கலையில் நடந்துவிடுகிறது. படத்தில் உள்ளித் தீயல் இருந்தது, சின்ன வெங்காயமும் வறுத்தரைத்த தேங்காயும் சேர்ந்த கறுஞ்சிவப்புக் குழம்பு, சட்டியோடு. பக்கத்தில் வெள்ளைத் தட்டில் சம்பாச் சோறு, ஓரத்தில் இரண்டு பப்படம். அதுவரைக்கும் குற்றமில்லை. இடது மூலையில், தட்டுக்கு அந்தப்பக்கம், மகள் ரெனிஷாவின் பாதி முகம் தெரிந்தது. சிரிக்கிறாள். ஏழு வயதுப் பிள்ளை சோற்றைப் பார்த்துச் சிரிக்கக் கூடாது என்று சட்டமா என்ன, சிரிக்கட்டும். ஆனால் அந்தச் சிரிப்பில் முன்பல் இரண்டும் பளிச்சென்று நிற்கின்றன. அதில் ஒன்று போன வாரம் பள்ளிக்கூடத்தில் கொய்யாக்காயைக் கடித்தபோது விழுந்துவிட்டது. வெள்ளிக்கிழமை வீடியோவில் அம்மாவிடம் அந்த ஓட்டையைக் காட்டினாள். ஓட்டை வழியாக நாக்கை நீட்டினாள். விழுந்த பல்லை உள்ளங்கையில் வைத்துக் காட்டினாள். பல்லைக் கூரை மேலே எறிஞ்சியளா என்று ஷைனி கேட்டாள். இப்போது எறியப் போகிறோம் என்று வில்பிரட் போனைப் பிடித்துக்கொண்டே முற்றத்துக்கு வர, அம்மா பார்க்கப் பார்க்க ரெனிஷா அதை மாடிக்கு வீசினாள். அம்மா கைதட்டினாள். அந்தப் பல்தான் இன்றைய மதியச் சாப்பாட்டுப் படத்தில் மறுபடியும் வாய்க்குள் வந்து உட்கார்ந்திருக்கிறது. பள்ளிக்கூடத்தில் இருக்க வேண்டியவள் வீட்டில் எப்படி என்று கேட்டால் அரை நாள் என்று சொல்லிவிடலாம், பல்லுக்கு என்ன சொல்ல?

ஒரு டிக்தான் விழுந்திருந்தது. அது ஒரு ஆறுதல். வேலை நேரத்தில் ஷைனியின் போன் அணைந்து பெட்டிக்குள் கிடக்கும். சாப்பிட விடும்போதுதான் எடுப்பாள். எடுத்ததும் முதல் வேலை அவன் அனுப்பிய படத்தைத் திறப்பது. தண்ணீர்க் குப்பியில் போனைச் சாய்த்து வைத்து, அதைப் பார்த்துக்கொண்டே தன் குபூஸ் ரொட்டியையும் பருப்பையும் பிட்டுத் தின்பாள். அவள் போகிற அன்று விமான நிலையத்து வாசலில் வைத்துக் கேட்ட ஒரே வரம் அது. பொன் வேண்டாம் பொருள் வேண்டாம், தினமும் மத்தியானம் நீங்க சாப்பிடுததை எனக்குப் படமெடுத்து அனுப்புங்க, நானும் உங்க கூட இருந்து தின்ன மாதிரி இருக்கும். சின்னவன் அபின் அப்போது நடக்கத் தொடங்கிய புதிது. அவன் அவளுடைய செருப்பை எடுத்து வைத்துக்கொண்டு தர மாட்டேன் என்று ஓடினான், எல்லாரும் சிரித்தார்கள். வில்பிரட் பள்ளிக்கூட வேன் ஓட்டிக்கொண்டிருந்தவன். பிள்ளைகளைப் பார்க்க ஆள் வேண்டும் என்று வண்டியை இன்னொருவனிடம் விட்டுவிட்டுக் கரண்டியைப் பிடித்தான். அவியலும் புளிசேரியும் அவள் போனில் சொல்லச் சொல்லக் கற்றுக்கொண்டவைதான். தீயலுக்குத் தேங்காய் வறுக்கும்போது கையை எடுக்கப்படாது, கேட்டியளா, கூரை ஓட்டு நிறம் வரணும், அதுக்கு முந்தி இறக்கினா சப்புன்னு இருக்கும், பிந்தினா கரி. முதல் தடவை கரிதான் ஆயிற்று. இரண்டாவது தடவை ஓட்டு நிறம் வந்தது. அதை அவன் படமெடுத்து அனுப்பியபோது அவள் வெறும் படத்துக்கே, உப்பு ஒரு பொடி கூடுதலோ என்று கேட்டாள். அவனுக்கு அன்றைக்கு முழுவதும் சந்தோஷம்.

அப்படி ஒழுங்காகத்தான் போய்க்கொண்டிருந்தது. மழை தொடங்கிய நாட்களில் அபினுக்குக் காய்ச்சல் வந்தது. மூன்று பேருக்கும் கஞ்சியும் சுட்ட பப்படமும். அதைப் படமெடுத்தால், என்ன ஏது என்று கேட்பாள், காய்ச்சல் என்று சொன்னால் அங்கே அவளுக்குக் கை ஓடாது, ஊசி போடுகிற கை. சரி, இன்றைக்கு ஒரு நாள் என்று பழைய அவியல் படம் ஒன்றைத் தேடி அனுப்பினான். இன்னைக்கு மனசு நெறஞ்சு தின்னேன் என்று பதில் வந்தது. அது போதாதா ஒருவனைக் கெடுக்க. மறுநாள் காய்ச்சல் இறங்கிவிட்டது, ஆனால் அடுப்புப் பக்கம் போக மனசு வரவில்லை. அதற்கு மறுநாளும் வரவில்லை. காலையில் கடைப் புட்டு, மதியம் சோறும் தயிரும் ஒரு முட்டையும், ராத்திரி முக்குக்கடைப் பரோட்டா. பிள்ளைகளுக்கு ஒரு குறையுமில்லை. அபினுக்குத் தயிர்ச் சோற்றில் சீனி போட்டுக் கொடுத்தால் போதும். ரெனிஷாவின் டப்பாவில் இன்றைக்கு ரொட்டியும் ஜாமும். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கிறவனுக்கு மறைக்கச் சோறாவது இருக்கும். இவனுக்கு அதுவும் இல்லை, போனுக்குள் சேர்ந்து கிடந்த பழைய படங்கள்தான் இருந்தன. சோம்பேறித்தனம் என்று சொல்லிவிடலாம். அவனே தன்னை அப்படித்தான் திட்டிக்கொள்வான். ஆனால் சோம்பேறித்தனம் இல்லை என்று அவனுக்குத் தெரியும். சமைத்ததைத் தின்ன ஆள் வேண்டும். அதைவிட, தின்றுவிட்டுக் குறை சொல்ல ஆள் வேண்டும். புளி கூடிப்போச்சு, கறிவேப்பிலையைக் கடைசியில போட்டியளா என்று கேட்க அடுப்புத் திண்டில் சாய்ந்துகொண்டு ஒருத்தி நிற்க வேண்டும். தொடக்கத்தில் படத்தைப் பார்த்தே குறை சொன்னாள். பிறகு அதுவும் நின்றது. சூப்பர் என்று ஒரு சொல், ஒரு சிவப்பு இதயம், அவ்வளவுதான். குறையே சொல்லாத பெண்டாட்டி கிடைக்கக் கொடுத்து வைத்திருக்க வேண்டும் என்று யாராவது சொன்னால் அவர்களைக் கூட்டிவந்து இந்த அடுப்படியில் ஒரு வாரம் நிறுத்த வேண்டும்.

அழித்துவிடலாமா. அழித்தால் அழித்த இடத்தில், இந்தச் செய்தி நீக்கப்பட்டது என்று ஒரு வரி நிற்கும். அந்த வரி பல்லைவிட மோசம். என்னத்த அழிச்சிய என்று கேட்பாள். வேறு படம் தவறி வந்துவிட்டது என்று சொல்லலாம். எந்தப் படம் என்று கேட்பாள். அவள் நர்ஸ், மருந்து குடித்தீர்களா என்று கேட்கும்போதே குடிக்கவில்லை என்று கண்டுபிடித்துவிடுகிறவள். அழிக்காமல் இன்னொரு படத்தை அனுப்பி இதைக் கீழே தள்ளிவிடலாமா. எதை அனுப்புவது, முட்டையையும் தயிரையுமா. ரெனிஷா கையால் வாயைப் பொத்தியிருந்திருக்கக் கூடாதா, தும்மியிருக்கக் கூடாதா. பிள்ளையின் மேல் கோபப்படுகிறோமே என்று வெட்கமாக இருந்தது. அன்றைக்கு எவ்வளவு ஆசையாகச் சிரித்திருக்கிறாள். அப்பா தீயல் வச்சா நான் ரெண்டு தட்டு தின்னுவேன் என்று சொன்னவள் அவள்தானே. இப்போதெல்லாம் அவள் இன்னைக்கு என்ன கறி என்று கேட்பதே இல்லை. கேட்காமலே தட்டை எடுத்து வைத்துக்கொள்கிறாள். மற்ற நாளாக இருந்தால் ஒரு சண்டையோடு போகும், இரண்டு நாள் பேசாமல் இருப்பாள், பிறகு பிள்ளைகளின் குரலைக் கேட்க வேண்டும் என்று அவளே கூப்பிடுவாள். இன்றைக்கு அப்படியில்லை. இன்று சாயங்காலம் அவள் ஆஸ்பத்திரியில் பதில் சொல்லியாக வேண்டும். இன்னும் இரண்டு வருஷம் நிற்கிறாளா, அடுத்த மாதம் ஊருக்கு வந்துவிடுகிறாளா. வெள்ளிக்கிழமையே கேட்டாள், நான் என்ன சொல்லட்டும். வில்பிரட் பெரிய மனிதனைப் போல, உன் இஷ்டம் என்றான். அந்த இரண்டு சொல்லையும் அப்போதே திரும்பப் பிடித்து வாய்க்குள் போட்டிருக்க வேண்டும்.

"அப்பா, பசிக்குது" என்றான் அபின்.

"இப்பம் வைக்கேன் மக்களே. இன்னைக்குத் தீயல்."

"தீயல்னா என்னது?"

மூன்றரை வயதுப் பிள்ளைக்குத் தீயல் என்றால் என்னவென்று தெரியவில்லை. தக்கலையில் பிறந்த பிள்ளைக்கு. வில்பிரட் ஒரு கிண்ணம் தயிர்ச் சோற்றில் சீனி போட்டு அவன் கையில் கொடுத்து, அடுப்படி வாசற்படியில் உட்கார வைத்தான். பிறகு தேங்காயை எடுத்து உடைத்தான். யோசித்துச் செய்த முடிவு இல்லை அது. படத்தில் இருப்பது தீயல். அவள் போனைத் திறப்பதற்குள் தீயலை வைத்துவிட்டால், படம் பழையதாக இருக்கலாம், தீயல் பொய்யாகாது. அவள் கேட்டால், ஆமா இன்னைக்குத் தீயல்தான், வந்து பார் என்று சொல்ல ஒரு சட்டியாவது இருக்கும். பல்லுக்கு என்ன செய்வாய் என்று உள்ளே ஒன்று கேட்டது. முதலில் தேங்காய், பல்லைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம். அரிவாள்மணையில் உட்கார்ந்து உள்ளியை உரித்தான். கண் எரிந்தது. உள்ளி உரிக்கிறவன் அழுதால் யாரும் ஏன் என்று கேட்பதில்லை, அந்த ஒரு வசதி உண்டு. தேங்காயைத் துருவும்போது கை பழக்கம் விட்டுப்போய் விரல் ஒருமுறை துருவியின் பல்லில் உரசியது. எங்கே பார்த்தாலும் பல்தான் இன்றைக்கு.

சீனச்சட்டியை அடுப்பில் ஏற்றினான். ஷைனியின் அம்மா கல்யாணத்துக்குக் கொடுத்த இரும்புச் சட்டி, கனமானது, இரண்டு பக்கமும் காது வைத்தது. இப்போது ஒரு காதுதான். அந்த மழை நாட்களில் கழுவி எடுத்து வரும்போது கை வழுக்கிக் கல்லில் விழுந்து ஒரு பக்கத்துக் காது உடைந்து போனது. அதற்குப் பிறகு அடுப்புக்கு வந்ததைவிட அபினின் மடிக்குப் போனதுதான் அதிகம். கவிழ்த்து வைத்துக் கரண்டியால் கொட்டுவான், செண்டை மேளம் என்பான், வெள்ளிக்கிழமை அம்மா வீடியோவில் வந்தால் முதலில் மேளம் முழங்கிய பிறகுதான் பேச்சு. காது போன பக்கத்தை ஒரு துணியால் பிடித்துக்கொண்டு தேங்காய்ப் பூவைக் கொட்டினான். தீயைக் குறைத்தான். நாலு உள்ளி, கறிவேப்பிலை, கொஞ்சம் நல்லமிளகு. கரண்டியால் கிண்டத் தொடங்கினான். வெள்ளை வெள்ளையாகவே இருந்தது. இருக்கும், அதற்கு அவசரம் கிடையாது. ஈரம் போகிற மணம் முதலில் வரும், பிறகு எண்ணெய் விடுகிற மணம், அதற்குப் பிறகுதான் நிறம் மாறத் தொடங்கும்.

மதிலுக்கு அந்தப்பக்கம் துணி காயப்போட்டுக்கொண்டிருந்த ஸ்டெல்லா அக்காவின் தலை எழும்பியது.

"வில்பிரட்டே, தேங்கா வறுக்கியா?"

"ஆமாக்கா."

"எத்தன நாளாச்சு உன் வீட்டுல இருந்து இந்த மணம் வந்து! ஷைனி வாறாளா?"

"இல்லக்கா. சும்மா வைக்கேன்."

"சும்மா யாரு தீயல் வைப்பா" என்று சிரித்துக்கொண்டே தலை இறங்கிவிட்டது. அக்கா நல்லவள்தான், ஆனால் மூக்கு ஊர்வலம் போகிற மூக்கு. எத்தன நாளாச்சு என்றாளே. அப்படியானால் இந்த வீட்டில் அடுப்பு எரியாதது மதிலைத் தாண்டித் தெரிந்திருக்கிறது. ஷைனிக்கும் அவளுக்கும் போனில் பேச்சு உண்டா? கிறிஸ்மஸ் வாழ்த்து உண்டு. வாழ்த்துச் சொல்ல வந்தவள், உன் மாப்பிள்ளை பிள்ளைகளுக்குக் கடைப் பரோட்டா வாங்கிக் கொடுக்கான் என்று சேர்த்துச் சொல்லியிருந்தால்? சொல்லியிருந்தால் ஷைனி சும்மா இருப்பாளா. இருக்க மாட்டாள். ஆகவே சொல்லவில்லை. ஆகவே அவளுக்குத் தெரியாது. அவளுக்குத் தெரியாது என்பதில் நிம்மதி வர வேண்டும், ஆனால் வந்தது வேறு ஏதோ. இத்தனை மாதம் ஒருத்தியின் கண்ணுக்கு முன்னால் கஞ்சியைத் தீயல் என்று காட்டியிருக்கிறான், அவள் நம்பித் தின்றிருக்கிறாள். ஏமாற்றப்பட்டவள் தூரத்தில் உட்கார்ந்து சூப்பர் என்று எழுதுவதைப் படிக்கும்போது ஏமாற்றியவனுக்கு ஏற்படுகிற தனிமை இருக்கிறதே, அதை யாரிடமும் சொல்ல முடியாது. இரண்டு பேர் இருக்கிற வீட்டில் ஒருவனுக்கு மட்டும் தெரிந்த விஷயம் அது. கிண்டினான். தேங்காய் லேசாக மஞ்சளாகத் தொடங்கியிருந்தது. கிண்டிக்கொண்டே கட்டைவிரலால் போனை எழுப்பினான். ஒரு டிக். ஷைனியின் பெயருக்குப் பக்கத்தில் சின்ன வட்டத்துக்குள் அவள் வைத்திருக்கிற படம் தெரிந்தது. மாத்தூர் தொட்டிப்பாலம். போன வருஷம் லீவுக்கு வந்தபோது எடுத்தது. உயரத்தில், காலுக்கு வெகு கீழே ஆறும் வாழைத் தோட்டமும் கிடக்க, பக்கத்தில் கால்வாய்த் தண்ணீர் ஓட, காற்றில் அவள் சேலை ஒரு பக்கமாகப் பறக்கிறது. இடுப்பில் அபின் இரண்டு கையையும் நீட்டிக்கொண்டிருக்கிறான். பார்க்கிறவர்கள் எல்லாரும், பிள்ளை காத்தைப் பிடிக்கான் பாரு என்பார்கள். திற்பரப்பு அருவியில் எடுத்த படத்திலும் கை நீட்டியிருக்கிறான். முட்டம் பாறையில் எடுத்ததிலும். அது காற்றையும் இல்லை, அருவியையும் இல்லை. கேமராவைப் பிடித்துக்கொண்டு எதிரே நின்றவன் வில்பிரட். அந்தப் பொம்பளை யார், என்னை அவள் கையிலிருந்து வாங்கு என்று பிள்ளை அப்பாவிடம் வரக் கை நீட்டியது. ஒரு மாத லீவில் முக்கால் மாதம் அவன் அவளிடம் போகவில்லை. போகத் தொடங்கியபோது அவளுக்குப் பெட்டி அடுக்க வேண்டியிருந்தது. பெட்டி அடுக்கும்போது போனை எடுத்து ஒவ்வொரு படமாகத் தள்ளிப் பார்த்துவிட்டு, எல்லாப் படத்துலயும் இவன் உங்ககிட்ட வரத்தான் கை நீட்டுதான் என்றாள். அழவில்லை. சாதாரணமாகச் சொன்னாள். வில்பிரட் என்ன சொன்னான்? படம் நல்லா வந்திருக்கு என்றான். அட மடையா. அவள் அதையும் ஏற்றுக்கொண்டு அந்தப் படத்தையே முகப்பில் வைத்துக்கொண்டாள். தினமும் அதைப் பார்க்கிறாள். பார்த்துவிட்டு அதற்குக் கீழே அவன் அனுப்புகிற அவியலையும் புளிசேரியையும் பார்க்கிறாள். கரண்டி நின்றது. அவனுக்கு இப்போதுதான் உறைத்தது. காய்ச்சல் இல்லை, கவலை இல்லை, பப்படம் உண்டு, பிள்ளை சிரிக்கிறாள். நீ இல்லாமலே இங்கே எல்லாம் நன்றாக நடக்கிறது, நீ வந்து ஆக வேண்டியது ஒன்றுமில்லை என்று தினமும் மத்தியானம், அவள் தின்ன உட்காருகிற நேரம் பார்த்து, இவனே சொல்லி அனுப்பிக்கொண்டிருந்திருக்கிறான். அதன் பிறகு உன் இஷ்டம் வேறு. இப்படி ஒரு வீட்டுக்கு எவள் அவசரப்பட்டுத் திரும்பி வருவாள்? இன்னும் இரண்டு வருஷம் நிற்கிறேன் என்றுதான் சொல்லுவாள். சொல்லட்டும் என்று சொல்லும் தைரியம் அவனுக்கு இல்லை. இரண்டு வருஷம் என்றால் அபின் பள்ளிக்கூடம் போய்விடுவான். ரெனிஷாவின் பல் எல்லாம் விழுந்து புதிதாக முளைத்து வரிசையாகிவிடும். பகல் முழுக்க இந்த அடுப்படியும் இவனும்தான். வா என்று சொல்லிவிடலாம். ஒரே எழுத்து. ஆனால் வா என்றால், என்னால் முடியவில்லை என்று அர்த்தம். வேனை விட்டாய், கரண்டியைப் பிடித்தாய், அதையும் விட்டாய். பிள்ளைகளுக்குச் சோறு வைக்கத் தெரியாத ஆம்பிளைக்காக அவள் எல்லாவற்றையும் போட்டுவிட்டு வர வேண்டும். அவள் முகத்தைப் பார்த்துக்கொண்டு அதை எப்படிச் சொல்வது? முகத்தைப் பார்க்காமலே சொல்ல முடியவில்லையே. தேங்காய் செம்மை நிறமாகிக்கொண்டிருந்தது. இனிதான் கவனம் வேண்டும், இனி ஒரு நிமிஷம் அங்கே இங்கே பார்த்தால் போயிற்று. மல்லிப்பொடியையும் மிளகாய் வத்தலையும் எடுத்து வைத்தான். போன் மேல் கண் போயிற்று. இரண்டு டிக்.

இரண்டு டிக் என்றால் போனுக்கு உயிர் வந்துவிட்டது, படம் போய்ச் சேர்ந்துவிட்டது. இனி அவள் கையைத் துடைப்பாள், டப்பாவைத் திறப்பாள், குப்பியில் சாய்ப்பாள். டிக் நீலமாயிற்று. பார்த்துவிட்டாள். சூப்பர் வர வேண்டிய நேரம். வரவில்லை. பெரிதாக்கிப் பார்க்கிறாளோ, இரண்டு விரலால் ரெனிஷாவின் வாயை இழுத்துப் பெரிதாக்கி. அவன் கரண்டியைச் சட்டிக்குள்ளேயே விட்டுவிட்டுப் போனை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு நின்றான். இதயமும் வரவில்லை, எழுத்தும் வரவில்லை. போன் அடித்தது. வெள்ளிக்கிழமை இல்லாத நாளில், சாப்பாட்டு நேரத்தில் அவள் கூப்பிட்டதே கிடையாது. அடுப்படியை விட்டுக் கொல்லைப்பக்க வாசலுக்கு வந்து எடுத்தான்.

"என்ன செய்யுதிய?" என்றாள் ஷைனி.

"தீயலுக்குத் தேங்கா வறுக்கேன்."

"அப்ப, இந்தப் போட்டோவுல இருக்கது?"

இனி என்ன, உப்புத் தின்றவன் தண்ணீர் குடித்துத்தானே ஆக வேண்டும். "ஷைனி, நான் சொல்லிருதேன். அது பழைய படம். நீ பல்லைப் பாத்திருப்பே. நான் அனுப்பின பிறகுதான் பல்லைக் கண்டேன்."

"எந்தப் பல்லு?"

"ரெனிஷாக்க பல்லு. விழுந்த பல்லு படத்துல இருக்குல்லா."

அவள் படத்தைத் திறந்து பார்க்கிறாள் என்று தெரிந்தது. பிறகு ஒரு சின்னச் சிரிப்பு, மூக்கால். "ஐயோ, ஆமா. நான் பல்லைப் பாக்கவே இல்ல."

"பின்ன?"

"சட்டியப் பாத்தேன். சட்டிக்கு ரெண்டு காது இருக்கு. நம்ம சட்டிக்கு ஒத்தக் காதுதானே. உங்க மோன் வெள்ளிக்கிழம தோறும் என் மூஞ்சிக்கு முன்னால வச்சுத்தானே கொட்டுதான்."

வில்பிரட் சுவரில் சாய்ந்தான். காது உடைந்து எத்தனை மாதம். அதன் பிறகு அனுப்பிய படங்களில் எத்தனையில் சட்டி முழுசாக உட்கார்ந்திருந்தது. "எப்பம் இருந்து தெரியும்?"

"மழ நேரத்துல இருந்தே."

"அன்னைக்கே கேட்டிருக்கலாம்லா. நாலு ஏச்சு ஏசியிருக்கலாம்லா. சூப்பர் சூப்பர்னு எழுதினியே."

"கேட்டா, இதையும் நிறுத்திருவியளோன்னு நெனச்சேன்" என்றாள் ஷைனி. அவள் குரல் சற்று இறங்கியது. "ஒவ்வொரு படத்தையும் பாத்து, இது எந்த நாளு வச்சதுன்னு கண்டுபிடிப்பேன். இது நான் லீவு முடிஞ்சு வந்த வாரம் வச்ச அவியல், இது ரெனிஷா பாட்டுல பரிசு வாங்கின அன்னைக்கு வச்சது. எல்லாம் எனக்கு அடையாளம் தெரியும். பழையதுதான். அதையும் விட்டா எனக்குத் தின்ன வேற என்ன இருக்கு இங்க?"

கொல்லையில் ஒரு வாழைக்குத் தார் தள்ளியிருந்தது, அதையே பார்த்தான். ஏமாற்றினோம், அவள் நம்பினாள், தனக்கு மட்டுமே தெரியும் என்று நினைத்துக்கொண்டு இத்தனை நாள் இவன் இங்கே தனியாகக் கிடந்தான். அவளும் அங்கே தெரியாதது போல உட்கார்ந்துகொண்டு தனியாகத் தின்றிருக்கிறாள்.

"நேரமாச்சு. சாயங்காலம் அவங்ககிட்டச் சொல்லணும்" என்றாள் அவள். "நான் என்ன சொல்லட்டும்?"

உன் இஷ்டம் என்பது நாக்கு நுனி வரைக்கும் வந்துவிட்டது. பழகின சொல், வழுக்கிக்கொண்டு வரும். அதைப் பல்லைக் கடித்து நிறுத்தினான்.

"வந்துரு."

"பிள்ளைகளுக்கா?"

"பிள்ளைகளுக்கு ஒரு கொறையும் இல்ல. அதுகள் சீனி போட்டுத் தின்னுட்டு நல்லா இருக்கு. எனக்குத்தான் முடியல. எனக்கு நீ வேணும் ஷைனி."

அந்தப் பக்கம் யாரோ வேற்று மொழியில் பேசிக்கொண்டு நடந்து போகிற சத்தம் கேட்டது. பிறகு அதுவும் இல்லை. அவள் மூச்சு மட்டும் கேட்டதா, குளிரூட்டி இரைச்சலா, தெரியவில்லை. அப்போது வாசற்படியிலிருந்து அபின் தன் முழுத் தொண்டையையும் திறந்து கத்தினான்.

"அப்பா! பொக! பொக!"

"அய்யோ, தேங்கா!" என்றாள் ஷைனி மஸ்கட்டிலிருந்து. "அடுப்பை அணைங்க முதல்ல. போங்க, போங்க!" போன் துண்டிக்கப்பட்டது.

ஓடிப்போய் அடுப்பை அணைத்து, துணியால் பிடித்துச் சட்டியை இறக்கிக் கீழே வைத்தான். ஓட்டு நிறம் எல்லாம் எப்போதோ தாண்டிப்போய் அடுப்புக்கரி நிறம். அபின் மூக்கைப் பொத்திக்கொண்டு இருமினான். ஜன்னலைத் திறந்து விட்டான். மதிலுக்கு அப்பாலிருந்து, என்னடே கரிச்சிட்டியா என்று ஸ்டெல்லா அக்கா கேட்டதற்கு, ஆமாக்கா என்றான். அவள் பதில் சொல்லவில்லையே. வந்துரு என்றது கேட்டதா? எனக்கு நீ வேணும் என்றது கேட்டதா, இல்லை அதற்குள் பிள்ளை கத்திவிட்டானா? கேட்டிருக்கும். கேட்டும் ஒன்றும் சொல்லவில்லை என்றால்? மறுபடி கூப்பிட்டுச் சொல்ல அவனுக்குத் தெம்பில்லை. அப்படி ஒரு சொல்லை ஒரு நாளைக்கு ஒரு தடவைக்கு மேல் சொல்ல வராது. சட்டியைப் பார்த்தான். உள்ளே கரி, வெளியே ஒற்றைக் காது. பக்கத்தில் வாயைச் சுற்றித் தயிரும் சீனியுமாக அபின் குந்தி உட்கார்ந்து அதை எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தான். வில்பிரட் போனை எடுத்தான். வெளிச்சம் சரியாக இருக்கிறதா, தட்டு நேராக இருக்கிறதா என்று எதையும் பார்க்கவில்லை. படமெடுத்து அப்படியே அனுப்பினான். எத்தனையோ மாதத்துக்குப் பிறகு அன்றைய சாப்பாடு அன்றைக்கே போனது.

உடனே நீலமாயிற்று. அவள் எழுதிக்கொண்டிருப்பதாகக் காட்டியது, நின்றது, மறுபடி எழுதினாள்.

இதுக்குப் பேரு தீயலா? கைய எடுக்கப்படாதுன்னு எத்தன தடவ சொல்லியிருக்கேன். அந்தச் சட்டியை மண்ணு போட்டுத் தேச்சு வையுங்க. அடுத்த மாசம் நான் வந்து வறுத்துக்கிடுதேன்.

வில்பிரட் அடுப்படித் தரையிலேயே உட்கார்ந்துவிட்டான். அபின் அவன் முகத்தைப் பார்த்தான், போனைப் பார்த்தான்.

"அம்மா என்ன சொல்லுதா?"

"ஏசுதா மக்களே" என்றான் வில்பிரட், முழங்கையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு. "அம்மா நல்லா ஏசுதா."